கோதை சொன்ன ஓடிபி

தொடாதீங்க தம்பி! அந்த விரல எடுங்க. எடுங்கன்னா எடுங்க. எட்டிப் பாக்கணும்னு பாக்கல, பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு போன இப்படி விரிச்சு வச்சிருந்தா கண்ணு தானாப் போகுது. ‘உங்கள் வருமான வரி ரீஃபண்ட் தயாராக உள்ளது.’ அதான போட்டிருக்கு? கீழ நீலமா ஒரு பட்டன். அதத் தொட்டீங்க, தொலைஞ்சீங்க.

கோவிச்சுக்கிறாதீங்க. நீங்க திருமங்கலத்துலதான ஏறுனீங்க? நான் மாட்டுத்தாவணியிலேர்ந்து வாரேன். ஜன்னலோரம் வேணுமா? எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியல இன்னைக்கு. கல்லுப்பட்டி தாண்டிருச்சா? இன்னும் இல்லையா? இந்த டிரைவர் என்ன, மாட்டுவண்டியா ஓட்டுறாரு.

அத விடுங்க. அனுப்புனவன் விலாசத்தப் பாருங்க. பேர இல்ல, விலாசத்த. பேரு என்ன வேணாலும் போட்டுக்கலாம், நான்கூட கலெக்டர்னு போட்டுக்கலாம். அது மேல அமுக்குங்க, பூராவும் விரியும். பாத்தீங்களா வால? கவர்மெண்டு விலாசம்னா கடைசியில ‘கவ் டாட் இன்’னு முடியும். இது என்னமோ எண்ணும் எழுத்துமாக் கலந்து, லாட்ஜ்ல ரூம் எடுக்குறவன் கொடுக்குற விலாசமாட்டம் இருக்கு. அப்புறம் பாருங்க, ‘இருபத்திநாலு மணி நேரத்துக்குள்’. ஏன் தம்பி, கவர்மெண்டு என்னைக்கு நமக்காக அவசரப்பட்டிருக்கு?

நான் தபால் பிரிவுல இருந்தவன். எந்த ஆபீஸ்னு பேரு வேணாம், ஒரு அரசாங்க ஆபீஸ். முப்பத்தஞ்சு வருஷம். வர்ற தபாலப் பிரிச்சு நம்பர் போடணும், போற தபால ஒட்டி அனுப்பணும். கவரக் கையில வாங்குனாலே சொல்லிருவேன், இது கோர்ட்டுலேர்ந்து வந்தது, இது தணிக்கைக்காரன் அனுப்புனது, இது மொட்டக் கடுதாசின்னு. மொட்டக் கடுதாசியில பசை கூட இருக்கும். பயந்தவன் நெறைய ஒட்டுவான்.

கவர்மெண்டு கடுதாசியில மரியாதையே இருக்காது தம்பி. பார்வை ஒண்ணு, பார்வை ரெண்டு, ‘தெரிவிக்கப்படுகிறது’, ‘பணிக்கப்படுகிறது’, முடிஞ்சுபோச்சு. காசு கொடுக்கறப்பகூட திட்டுற மாதிரிதான் எழுதுவாங்க. மதிப்பிற்குரிய, மனமார்ந்தன்னு இனிக்க இனிக்கப் பேசுனா அங்கயே சந்தேகம் வரணும். இத எங்க காலனி நோட்டீஸ் போர்டுல நானே ஒட்டியிருக்கேன். யாருக்காவது திருட்டு மெயில் வந்தா எங்கிட்டதான் கொண்டு வருவாங்க. பிரிண்ட் எடுத்து, எங்கெங்க பொய்யோ அங்கங்க சிவப்புப் பென்சில்ல வட்டம் போட்டு ஒட்டிருவேன். ‘சந்தானம் சாரக் கேட்டுட்டுத் தொடு’ன்னு ஒரு பேச்சே ஆகிப்போச்சு எங்க தெருவுல.

இவ்வளவு பேசுறீங்களே, உங்க வீட்ல நடந்திருக்கான்னு கேக்குறீங்க. அப்படித்தான பாக்குறீங்க? நடந்துச்சு. ஏன் மறைக்கணும். என் வீட்டுக்காரி. ஓடிபியச் சொல்லிட்டா. யாருக்கும் சொல்லாத, யாருக்கும் சொல்லாதன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன், சொல்லிட்டா. எவ்வளவு போச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. ரெண்டு பேரு பேர்லயும் உள்ள கணக்கு, அவ சிறுகச் சேத்ததும் அதுலதான் கெடந்துச்சு. போனதுல கொஞ்சத்த நிறுத்தி வச்சிருக்கோம்னு போலீஸ்ல சொல்றாங்க, பாப்போம்.

கோதைநாச்சியார்னு பேரு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, வேற என்ன பேரு வைப்பாங்க. அவ அண்ணன் வீட்டுக்குத்தான் இப்பப் போய்க்கிட்டிருக்கேன், கூட்டிட்டு வர. கோவிச்சுக்கிட்டுப் போயி நாலு நாளாச்சு. எதுக்குக் கோவம்னுகூட எனக்கு ஒழுங்காத் தெரியல.

என்னது? என் போனா? அது ஒண்ணுமில்ல, மணி எத்தனன்னு பாத்தேன். காலையில ஏழேகாலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கா. இன்னும் கேக்கல. அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பவே தெரியாது, அண்ணன் மக அமுக்கிக் கொடுத்திருக்கும். ‘வரமாட்டேன்’னு சொல்லியிருப்பா. அதக் கேட்டுட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பஸ் ஏறுறது? கேக்காமப் போனா, எனக்குத் தெரியாது, நீ அனுப்புனதப் பாக்கலன்னு சொல்லி நின்னுக்கலாம்ல.

மொதல்லேர்ந்து சொல்லணும். நான் ரிட்டயரானது ரெண்டாயிரத்து இருவது, ஏப்ரல் முப்பது. ஆமா, ஊரே அடங்கிக் கெடந்த சமயம். அம்பத்தெட்டு வயசு. அடுத்த வாரம், மே ஏழாந்தேதி உத்தரவு போடுறாங்க, இனிமே அம்பத்தொம்பது வயசுன்னு. மே மாசம் ரிட்டயராகுறவனுக்கு ஒரு வருஷம் கூட. எனக்கு இல்ல. ஏழே நாளு தம்பி! ஆனா அதக்கூட நான் சகிச்சுக்கிட்டேன். சகிக்க முடியாதது வேற.

எங்க ஆபீஸ்ல யாரு ரிட்டயரானாலும் ஏற்பாடு பூராவும் நான்தான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு வெள்ளனாப் போயி ஆளுயர மாலை வாங்கிட்டு வரணும். சால்வை எடுக்கணும். கேசரி, மிக்சர், காபி சொல்லணும். மேடையில ரெண்டு சேர், ஒண்ணு ரிட்டயராகுறவருக்கு, ஒண்ணு அவரு வீட்டம்மாவுக்கு. எல்லாரும் ரெண்டு வார்த்த பேசுவாங்க. வாழ்க்கை பூராவும் சண்ட போட்டவன்கூட அன்னைக்கி நல்லதாச் சொல்லுவான். அப்புறம் ஆபீஸ் ஜீப்புல ஏத்தி, மாலையும் கழுத்துமா வீடு வரைக்கும் கொண்டுபோயி விட்டுட்டு வரணும். தெருவே வேடிக்க பாக்கும். நாப்பத்தேழு பேர நான் அப்படி அனுப்பி வச்சிருக்கேன். நாப்பத்தெட்டாவது ஆளு நானு.

என்ன நடந்துச்சு? ஆபீஸ்ல மூணே பேரு, மூணு மூலையில, மூஞ்சிய மூடிக்கிட்டு. சாவிக் கொத்த மேசையில வச்சேன். சூப்பிரண்டு தள்ளி நின்னு கையக் கூப்புனாரு. நானே கதவச் சாத்திட்டு, நானே ஸ்கூட்டர உதைச்சுக்கிட்டு வந்தேன். வழியில போலீஸ்காரன் நிப்பாட்டி எங்க சுத்திட்டு வர்றீங்கன்னு கேக்குறான். ரிட்டயராகிட்டு வாரேன்னேன். அவன் நம்பல.

வீட்டுக்கு வந்தா இவ வேற ஒரு கூத்து பண்ணி வச்சிருக்கா. சிரிக்காதீங்க. ஊர்ல பூக்கடை ஏது அப்ப? வீட்டு வாசல்ல ஒரு நந்தியாவட்டைச் செடி நிக்கிது. அதுல உள்ள பூவப் பூராவும் பறிச்சு, மாலை மாதிரி கட்டி, கேட்டுலயே நிப்பாட்டி கழுத்துல போட்டா. அவளோட பச்சப் பட்டுச் சேலைய நாலா மடிச்சு, சால்வையாம், தோள்ல போத்துனா. ஹால்ல ரெண்டு பிளாஸ்டிக் சேரு. ஒண்ணுல என்னைய உக்கார வச்சு, ரெண்டாவதுல அவ உக்காந்துக்கிட்டா. கேசரி வேற. அப்புறம் எந்திரிச்சு, மளிகை லிஸ்ட் எழுதுற பேடுலேர்ந்து கிழிச்ச ரெண்டு தாளக் கையில வச்சுக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சா. மைக்குல பேசுற மாதிரி, ‘இங்கு வீற்றிருக்கும்’னு. அங்க யாரு வீத்திருக்கா? நானும் சுவத்துப் பல்லியும்தான்.

நாலு வரி வாசிச்சிருப்பா. வயச ஏத்தப் போறாங்கன்னு ஒரு பேச்சு அன்னைக்கே அடிபட்டுச்சு தம்பி, எனக்கு நியூஸ் பாக்கணும். ரிமோட்ட எடுத்து டிவியப் போட்டேன். போதும் கோதை, நாடகம் பாக்குற நெலமையில நான் இல்லன்னேன். அவ தாள மடிச்சு வச்சுட்டு உள்ள போயிட்டா. கேசரி நல்லாருந்துச்சு.

என்ன எழுதியிருந்தான்னா? யாருக்குத் தெரியும். பொம்பளைங்க எழுதுறது என்னவா இருக்கும். நான் சொல்ல வர்றது ஆபீஸ். முப்பத்தஞ்சு வருஷம் ஒரு லீவு போடாம ஒழைச்சவனுக்கு ஒத்தை வார்த்த நன்றி கெடையாதுன்னு சொல்ல வாரேன். அஞ்சு வருஷமா இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், சாப்புடுறப்பயும், படுக்குறப்பயும். கோதை கேட்டுக்கிட்டே இருப்பா.

இது கல்லுப்பட்டியா? ஆமா, கல்லுப்பட்டிதான். எத்தன நிமிஷம் நிப்பாட்டுவான்? டீ வேணுமா? வேணாம், இறங்குனா விட்டுட்டுப் போயிருவான்.

சரி, மெயிலுக்கு வாரேன். போன மாசம், மத்தியானம், சாப்புட்டு உக்காந்திருக்கேன். டிங்குன்னு ஒரு சத்தம். நெசமாவே எனக்குக் கொஞ்சம் வரி திரும்ப வரவேண்டியிருந்துச்சு தம்பி, ரிட்டர்ன் போட்டிருந்தேன். அப்ப ரீஃபண்டுன்னு வந்தா பாக்கமாட்டமா? பாத்தேன். தமிழ்ல இருக்கு. ‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் இத்தனை ஆண்டுகள் நாட்டிற்கு ஆற்றிய பணிக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. தங்களைப் போன்றவர்களால்தான் இந்த நாடு நிற்கிறது.’

எனக்கு மனப்பாடம். அதுக்கப்புறம் நூறு தடவ படிச்சிட்டேன். என்ன பாக்குறீங்க? அதுல எம் பேரு இல்ல, தெரியும். ஊரு பூராவுக்கும் இதே அனுப்பியிருப்பான், அதுவும் தெரியும். ஆனா அந்த நேரத்துல ‘இத்தனை ஆண்டுகள்’னா எனக்கு முப்பத்தஞ்சுன்னுதான் கேட்டுச்சு. பாத்தீங்களா, கடைசியில ஒரு மனுஷன் எங்கயோ உக்காந்து எம் ஃபைலப் பொரட்டிப் பாத்திருக்கான்னு நெனச்சேன். கண்ணு கலங்கிருச்சு தம்பி. விலாசத்தோட வாலப் பாக்கல. இருபத்திநாலு மணி நேரம்னு போட்டிருந்துச்சு, நீங்க இப்பப் பாத்தீங்களே, அச்சு அசலா அதேதான். ஒரு நிமிஷங்கூட ஆகியிருக்காது, அமுக்கிட்டேன்.

ஆமா, அமுக்குனது நானு. ஆனா அமுக்குறதுனால மட்டும் காசு போயிருமா? போகாது. ஒரு பக்கம் விரிஞ்சுச்சு, சிங்க முத்திரையெல்லாம் போட்டு. கணக்கு நம்பரு, கார்டு நம்பரு, பின்னாடி இருக்குற மூணு எண்ணு, எல்லாம் கேட்டான். போட்டேன். ரிட்டர்ன் போடும்போதே நம்ம கணக்கு நம்பரு அவங்ககிட்ட இருக்கே, திருப்பி எதுக்குக் கேக்குறான்? எதுக்குக் கார்டு? இந்தக் கேள்விய நான் நோட்டீஸ் போர்டுல எழுதியிருக்கேன் தம்பி. ரெண்டு தடவ அடிக்கோடு போட்டு.

அப்புறம் ஓடிபி. அந்தக் கணக்குக்குக் கொடுத்திருந்தது கோதை நம்பரு. அடுப்படியில நின்னா. கோதை, உன் போன்ல ஒரு ஆறு எண்ணு வந்திருக்கும், சத்தமாச் சொல்லுன்னேன். அவ வாசல்படியில வந்து நின்னுக்கிட்டு, ‘யாருக்குமே சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?’ன்னா. நான் யாரோவாடி, சொல்லுன்னேன். சொன்னா. ஒவ்வொரு எண்ணா, ரெண்டு ரெண்டு தடவ, தப்பாப் போயிறக் கூடாதேன்னு.

அப்ப ஓடிபி சொன்னது யாரு? அவதான? நான் சொன்னதுல என்ன பொய்யி? எம் மகளுக்குப் போன் போட்டேன், ‘உங்கம்மா ஓடிபியச் சொல்லிட்டாம்மா’ன்னேன். காலனி சங்கத்துச் செயலாளரு செண்பகமூர்த்தி ஓடியாந்தாரு, அவருகிட்டயும் அதேதான். அவ பக்கத்துல காபி டம்ளரோட நிக்கிறா. ‘அக்கா, அண்ணன் இவ்வளவு எழுதி ஒட்டியும் நீங்க ஏமாந்துட்டீங்களே’ன்னு செண்பகமூர்த்தி சொல்றாரு. ‘வயசாகுதுல்ல தம்பி’ன்னு சொல்லிட்டு டம்ளர வாங்கிட்டுப் போறா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் போன் போட்டோம். ஏமாந்தவங்க கூப்புடுற நம்பரு, நீங்களும் எழுதி வச்சுக்கங்க. அங்க சொன்னாங்கன்னு சைபர் கிரைம் ஆபீசுக்கு ரெண்டு மூணு தடவ அலைஞ்சோம். கடைசியா நாலு நாளைக்கு முன்னாடி. ஒரு பொம்பளப் போலீசு, நல்ல பிள்ள, மரியாதையாப் பேசுச்சு. ‘ஏம்மா, அப்படி இதுல என்ன இருக்குன்னு நம்புனீங்க?’ன்னு கோதையக் கேக்குது. அவ அந்த மெயிலப் படிச்சதே இல்ல, என்னத்தச் சொல்லுவா? ‘ஏதோ காசு வரும்னு நெனச்சேம்மா’ன்னு சொல்றா.

எனக்குச் சுருக்குன்னுச்சு தம்பி. காசுக்கா? காசுக்காகவா நான் தொட்டேன்? வாய அடக்க முடியல. காசுக்கு இல்லம்மா, அதுல நன்றின்னு போட்டிருந்துச்சு, முப்பத்தஞ்சு வருஷம் ஒழைச்ச எனக்கு இந்த ஒலகத்துல ஒரு மனுஷ ஜென்மம் நன்றி சொன்னதில்ல, இவன்தான் சொன்னான், அதுக்காகத் தொட்டேன்னு கத்திட்டேன். அந்தப் பிள்ள பேனாவ வச்சிருச்சு. கோதை என்னையப் பாத்தா. எந்திரிச்சு வெளிய போயிட்டா.

வீட்டுக்கு வந்து பைய எடுத்து வச்சுக்கிட்டிருக்கா. என்னடின்னா, ‘ஒரு மனுஷ ஜென்மங்கூடவா இல்ல?’ங்கிறா. ஆமா, எவன் சொன்னான், ஆபீஸ்ல எவனாவது சொன்னானாங்கிறேன். ‘சரி’ங்கிறா. போயிட்டா. எனக்கு என்ன தோணுதுன்னா, தான் பழிய ஏத்துக்கிட்டு சொன்ன பொய்ய நான் போலீசு முன்னாடி ஒடச்சிட்டேன்ல, அந்த வெக்கம். அவளக் காப்பாத்தத்தான் நான் உண்மையச் சொன்னேன், அதப் புரிஞ்சுக்கல.

இப்ப ஏன் அவசரமாக் கூட்டப் போறேன்னா, வர்ற ஞாயித்துக்கெழம காலனியில கூட்டம். இந்த மோசடி மெயில எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நான்தான் பேசுறேன். எனக்கு மாலை, சால்வை எல்லாம் உண்டு. செண்பகமூர்த்தி சொன்னாரு, ‘ரிட்டயர்மெண்டுக்கு ஒண்ணும் நடக்கலன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே சார், இத அப்படியே வச்சுக்குங்க, மேடையில ரெண்டு சேர் போட்டுருவோம்’னு. கூடவே இன்னொண்ணும் சொன்னாரு, ‘உங்க வீட்டுலயே நடந்தத உதாரணமா எடுத்துச் சொல்லுங்க, ஜனங்க மனசுல நிக்கும்’னு. அதான், அவ பக்கத்துல உக்காந்திருக்கணும்ல. பேரச் சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரின்னு மட்டும் சொல்லுவேன். காலனிக்கு அப்படித்தான தெரியும்? இப்பப் போயி மாத்திச் சொன்னா அந்த நோட்டீஸ் போர்டுக்கு என்ன மரியாத?

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? நீங்களும் கோதை மாதிரியே பாக்குறீங்க.

கேக்கணுங்கிறீங்களா? இப்பயா? கிருஷ்ணன்கோவில் வரப்போகுது, அடுத்து ஊரு வந்திருச்சு, எதுக்கு. சரி. சரி, நீங்களே அமுக்குங்க. சத்தத்தக் கொறைச்சு வைங்க, காதுல வச்சுக்கிறேன். இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. ஸ்பீக்கர்லயே போடுங்க, பரவால்ல.

‘ஏங்க, நாந்தான். நாலு நாளா ஒரு போன் இல்ல உங்ககிட்டேர்ந்து. சரி, நானே கெளம்பிட்டேன், ஏழு மணி பஸ்ஸுல உக்காந்துட்டேன். நீங்க எங்கயும் வெளிய போனா சாவிய எதுத்த வீட்டுல குடுத்துட்டுப் போங்க. செண்பகமூர்த்தி தம்பி போன் பண்ணுச்சு, ஞாயித்துக்கெழம கூட்டம்னு. மேடையில நான் உக்காருதேன். நீங்க என்னையப் பத்தி என்ன சொல்லணுமோ சொல்லிக்கங்க. ஆனா நீங்க பேசி முடிச்சதும் மைக்க எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க. அன்னைக்கி வாசிச்ச தாள நான் இன்னும் வச்சிருக்கேன். நாலு வரியில டிவியப் போட்டுட்டீக. இந்தத் தடவ முழுசாக் கேக்கணும்.’

அவ்வளவுதானா? இன்னொரு தடவ போடுங்க. வேணாம், வேணாம். மணி என்ன? பத்தே முக்கால். ஏழு மணி பஸ்னா ஒம்பது, ஒம்பதரைக்கே வீட்டுக்குப் போயிருப்பா. சாவி எங்கிட்ட இருக்கு தம்பி. இந்தா, சட்டப் பையிலதான் இருக்கு. ஒரு மணி நேரமா வெயில்ல, அந்தக் கேட்டுகிட்ட, பையோட நின்னுக்கிட்டிருப்பா. போன் பண்ணக்கூட மாட்டா. மெசேஜ் அனுப்புனோமே, பாத்திருப்பாருன்னு நின்னுக்கிட்டிருப்பா.

எவனோ அனுப்புன நன்றிய ஒரு நிமிஷத்துல தொட்டேன். இது ஏழேகால்லேர்ந்து கெடக்குது.

நாலு வரியில என்ன வாசிச்சான்னு யோசிக்கிறேன், ஞாபகம் வரமாட்டேங்குது. ‘இங்கு வீற்றிருக்கும்’, அது ஒண்ணுதான் வருது. மிச்சம் எத்தன வரி? ரெண்டு தாளு தம்பி, ரெண்டு பக்கமும் எழுதியிருந்தா. அஞ்சு வருஷமா அந்த வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு, நான் அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒருத்தனும் சொல்லல, ஒருத்தனும் சொல்லலன்னு.

பை வேணாம், விடுங்க, அவ அண்ணன் வீட்டுக்கு வாங்குன அல்வாதான், நீங்களே வச்சுக்கங்க. செண்பகமூர்த்திக்குப் போன் போடணும். உதாரணத்துக்கு ஆளு மாறிப்போச்சு, தொட்டது நான்தான்னு இப்பவே சொல்லிறணும், ஞாயித்துக்கெழம வரைக்கும் வச்சிருந்தா தைரியம் போயிரும். மொதல்ல கோதைக்குப் போடுறேன். கொஞ்சம் வழி விடுங்க. கண்டக்டர் சார்! விசில் அடிங்க சார், இங்கயே இறங்கணும். ஸ்ரீவில்லிபுத்தூர் டிக்கெட்டுதான், தெரியும். வீட்டு வாசல்ல ஆளு காத்திருக்கு, நிப்பாட்டுங்க.